பட்டன்

வண்டி எடுத்த அன்று ஓடோமீட்டர் 14 கிலோமீட்டர் காட்டியது. 2019 செப்டம்பர். கார் விற்பனை படுத்துக் கிடந்த வருஷம். அடுத்த ஏப்ரலில் பிஎஸ் 6 வரப்போகிறது என்று ஷோரூம்காரர்கள் இருக்கிற வண்டிகளைத் தள்ளிவிட்டால் போதும் என்று இருந்தார்கள். எனக்கும் தள்ளுபடி கிடைத்தது. டாப் மாடல் கட்டுப்படியாகவில்லை, நடு மாடல். சேலத்து ஷோரூமில் சிவப்பு ரிப்பன் கட்டி, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா போட்டோவுக்கு வரவில்லை. அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெயின்ட்டைப் பார்க்கவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டயரின் பள்ளத்துக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டு அளந்துகொண்டிருந்தார்.

அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். எங்கள் ஊர் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில். அங்கே வீட்டுக்கு ஒருவராவது லாரி ஓட்டுவார், அல்லது ரிக் வண்டியில் போவார், அல்லது இரண்டுக்கும் வட்டிக்குப் பணம் கொடுப்பார். லாரிக்காரர்கள் டயரின் மேல்புறக் கட்டங்களைப் பட்டன் என்பார்கள். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டினால் அது ரீபட்டன். "பட்டன் எப்படி இருக்குது?" என்பதுதான் எங்கள் பக்கம் ஒரு வண்டியைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வி. இன்ஜினைப் பற்றி அப்புறம்தான்.

எலுமிச்சம்பழம் நசுங்கி வண்டி ரோட்டுக்கு வந்ததும் மச்சான் போன் செய்தார். மனைவியின் அண்ணன்.

"மாப்ள, வீட்டுக்குப் போயிராதீங்க. நேரா அஞ்சு ரோட்டுக்கு வாங்க. டயர் கடையில சொல்லி வெச்சிருக்கேன். கம்பெனி டயர இன்னைக்கே கழட்டிக் குடுத்தாத்தான் ஜீரோ கிலோமீட்டர்னு நல்ல விலைக்கு எடுப்பான்."

மச்சானை லேசாக நினைக்கக் கூடாது. சொந்தக் காரில் 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியவர். அவருடைய வாதம் நேர்த்தியானது. என் நடு மாடலில் வருவது 165/80 ஆர்14. இதே காரின் டாப் மாடலில் கம்பெனியே போட்டுத் தருவது 185/65 ஆர்15. வண்டி ஒன்றுதான், எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் எனக்குக் கொடுத்தது சிக்கனம், அவனுக்குக் கொடுத்தது டயர். "அது சைக்கிள் டயர் மாப்ள. மழையில ஒருநாள் தெரியும் உங்களுக்கு."

கணக்குப் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. எக்ஸெல் ஷீட் ஏற்கெனவே தயார். டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் போதும். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர், மேலும் கீழும் சேர்த்து 264. ரிம் 355.6. மொத்தம் 619.6. மச்சான் சொல்லும் டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 621.5. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. எடை தாங்கும் எண் 85லிருந்து 88க்கு ஏறுகிறது, அதாவது ஒரு டயருக்கு 515 கிலோ என்பது 560 ஆகிறது. ஆக, எண்கள் மச்சான் பக்கம்தான் இருந்தன. புது ரிம், புது டயர், பழையதைக் கொடுத்தது போக என் கையிலிருந்து 19 ஆயிரம். ஏழு லட்சம் போட்டவனுக்கு 19 ஆயிரம் என்ன பெரிய காசு?

கடைக்குப் போனோம். அங்கே ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு. கடைக்காரர் என்னிடம், "உங்களுதுக்குத்தான் சார் காலையில இருந்து காத்திருக்காரு" என்றார். வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவருடைய வண்டிக்கும் அதே 165/80தான். புது டயர் விலையில் பாதிக்கு என் டயர்களை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர் எழுந்து வந்து, என் வண்டியின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த எலுமிச்சைத் தோலைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தார். டயரில் புது ரப்பருக்கே உரிய குட்டிக் குட்டி முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏனுங்ணா, ஓட்டமே ஆவலீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"இல்லீங்க. இப்பத்தான் எறங்குச்சு."

"அப்பறம் எதுக்குங் கழட்டறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும். இந்த டயர் மழையில் நிற்காதாம், என் பெண் பின்சீட்டில் இருக்கிறாள், அதனால்தான் கழற்றுகிறேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டு அதே டயரை அவருக்கு விற்க வேண்டும். அவருடைய வண்டியின் பின்சீட்டிலும் யாராவது உட்காருவார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாக்கியம் அமைக்கப் பார்த்தேன், வரவில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் வீடு போய்ச் சேரணும், பிறகு வருகிறேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கண்ணாடியில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வது தெரிந்தது. ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு வந்தவர்.

இது அறம் சார்ந்த முடிவு என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். உண்மையில் ஒரு சங்கடத்திலிருந்து தப்பித்தேன், அவ்வளவுதான்.

கம்பெனி டயர் மட்டமானது என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. கார் கம்பெனி டயர் கம்பெனியிடம் பொருளாக வாங்குவதில்லை, ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து விடையாக வாங்குகிறது. இவ்வளவு எடை, இவ்வளவு சத்தத்துக்குள், இவ்வளவு விலைக்குள், முக்கியமாக இவ்வளவு மைலேஜ். ரப்பர் உருளும்போது நசுங்கி நிமிர்கிறது. நசுங்கக் கொடுத்த சக்தி முழுவதும் திரும்பி வராது, கொஞ்சம் சூடாகக் கரையும். அந்த இழப்பைக் குறைத்தால் லிட்டருக்குக் கூடுதலாக ஓடும், விளம்பரத்தில் பெரிய எண்ணாகப் போடலாம். ஆனால் ஈர ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் ஒட்டிப் பிடிப்பதற்கும் அந்த இழப்புதான் காரணம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று குறையப் பார்க்கும். மூன்றாவதாகத் தேய்மானம் என்று ஒன்று நடுவில் வந்து நிற்கும். 1990களில் கார்பன் தூளுக்குப் பதிலாகச் சிலிக்காவைக் கலக்கத் தொடங்கிய பிறகு இந்த இழுபறி கொஞ்சம் தளர்ந்தது, தீர்ந்துவிடவில்லை. நம் நாட்டில் கார் டயருக்கு உருளும் தடை, ஈரப் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் சேர்த்து அரசு அளவுகோல் அறிவித்தது 2022ல்தான். என் கார் அதற்கு மூன்று வருஷம் முந்தியது.

ஆகவே கம்பெனி டயர் மட்டமான விடை அல்ல. நான் கேட்காத ஒரு கேள்விக்கான விடை. சரி, அப்படியானால் என் கேள்வி என்ன? வண்டி எடுத்த அன்று எனக்கு அது தெரியாது. மச்சானுடைய கேள்வியைத்தான் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் சொன்ன 'ஒருநாள்' ஐந்தே வாரத்தில் வந்தது.

அப்போது பெங்களூரில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி ஊருக்கு வருவோம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய். அந்த ரோட்டில் போகிறவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சேலம் பக்கம் இறங்கும்போது நீளமான சரிவு, வளைவுகள், இரட்டைப் பாலம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடாகி, நிற்காமல் போய் மோதிய லாரிகளின் கதை எங்கள் ஊரில் தெருவுக்கு ஒன்று கிடைக்கும்.

அக்டோபர் மழை. பெரிய மழை அல்ல, தூறலுக்குக் கொஞ்சம் மேலே. நான் 65ல் இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவு முடிந்ததும் முன்னால் ஒரு லாரி கிட்டத்தட்ட நின்றுகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏபிஎஸ் தடதடவென்று அடித்தது. வண்டி நிற்கவில்லை. சத்தமே இல்லாமல், ஐஸ்கட்டி மேசையில் நகர்வதுபோல, நகர்ந்துகொண்டே இருந்தது. லாரியின் பின்பக்கம் எழுதியிருந்த 'நன்றி மீண்டும் வருக' என்பதை முழுசாக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. பின்னால் என் மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டது சத்தமாகக் கேட்டது. அணைப்புக்குச் சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. வண்டி நின்றபோது நடுவில் ஒரு ஆள் குறுக்காக நடந்து போகலாம், அவ்வளவு இடம்தான்.

அடிபடவில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லை. சேலம் வரைக்கும் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மச்சானுக்குப் போன் போட்டேன். "நான் அப்பவே சொன்னனே மாப்ள" என்று அவர் சொல்லவில்லை. "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லீல்ல?" என்றுதான் கேட்டார். அது இன்னும் மோசம்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அப்பா வாசலில் காரின் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் அவருடைய பழைய பித்தளைக் கேஜ். லாரியை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகியும் அதை அவர் பீரோவில்தான் வைத்திருந்தார், பத்திரங்களோடு.

"எவ்வளவு காத்து புடிச்ச?"

நான் பிடிக்கவே இல்லை. ஐந்து வாரம். புது வண்டிதானே, ஷோரூமில் எல்லாம் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று இருந்துவிட்டேன். டிரைவர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 33 பிஎஸ்ஐ என்கிறது. அப்பாவின் கேஜில் 44, 44, 43, 45.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். புதுக் கார்கள் தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏறி, யார்டில் மாதக்கணக்கில் நிற்கும்போது டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகாமல் இருக்கக் காற்றைக் கூடுதலாக அடைத்து வைப்பது வழக்கம். கைமாற்றும் முன் அதை இறக்கிவிட வேண்டும். என் டயரின் பக்கத்தில் இருந்த நான்கு இலக்கம் 1119, அதாவது 2019ன் 11வது வாரம். மார்ச்சில் பிறந்த டயர். விற்காத வருஷத்தில் என் வண்டி எத்தனை மாதம் வெயிலில் நின்றதோ. இறக்க வேண்டியவர் இறக்கவில்லை. பார்க்க வேண்டிய நானும் பார்க்கவில்லை. எந்த டயர் நல்லது என்று மூன்று வாரம் படித்தவன், மாட்டியிருக்கிற டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று மூன்று நிமிஷம் பார்க்கவில்லை.

"இதுல எப்படிடா வண்டி நிக்கும்? பலூனாட்டம் துள்ளீட்டுத்தான் போவும்." அப்பா சாவி முனையால் வால்வை அழுத்தினார். காற்று சீறியது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் அழகாக இருக்கும். படித்த மகன், அனுபவசாலி அப்பா. ஆனால் நான் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவன், இது அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. காற்று அதிகமானால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடிப்பு குறையும், சரிதான். ஆனால் தண்ணீரின் மேல் மிதக்கிற விஷயத்தில் கூடுதல் காற்று நல்லதே செய்யும். விமான டயர்களை வைத்து 1963ல் நாசா வெளியிட்ட சூத்திரம் ஒன்று உண்டு. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால், டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும் வேகம் மைல் கணக்கில் வரும். 33க்கு மணிக்குச் சுமார் 96 கிலோமீட்டர். 44க்கு 110. நான் போனது 65. ஆக, மிதக்கவில்லை, வழுக்கியிருக்கிறது. எதனால்? மழையின் முதல் அரைமணி நேரத்தில் ரோட்டில் படிந்த எண்ணெயெல்லாம் மேலே வரும். சரிவில் எடை முன்னால் சாய்ந்து பின் டயர்கள் லேசாகிவிடும். தொப்பூரில் தேய்ந்து பளபளக்கிற ரோடு. இதற்கெல்லாம் மேல் 65ல் இறங்கிய நான். மச்சான் சொன்ன சைக்கிள் டயரும் பட்டியலில் இருந்தது, கடைசியில் அல்ல.

மென்பொருளில் இப்படி ஒரு பிழை வந்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று ஜூனியர்களுக்குச் சொல்வேன். வண்டி எடுத்த அன்றே டயரை மாற்றியிருந்தால் டயர் கடைக்காரர் சரியாக 33 வைத்துக் கொடுத்திருப்பார். வண்டி தொப்பூரில் நின்றிருக்கும். அகலமான டயர்தான் நிறுத்தியது என்று சாகும்வரை நானும் மச்சானும் சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.

பெரிய கம்பெனிகளுக்கே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளோடு வந்த டயர்கள் அவற்றில் பெரும்பகுதி. வேகமாக ஓடும்போது மேல்பட்டை உரிந்து, வண்டி உருண்டு, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கார் கம்பெனி, டயர் கோளாறு என்றது. டயர் கம்பெனி, வண்டியின் வடிவமைப்புக் கோளாறு என்றது. நடுவில் ஒரு எண். ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26 பிஎஸ்ஐ, அது குறைவு, 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் நண்பர்கள். கிட்டத்தட்ட நூறு வருஷ உறவு 2001ல் அறுந்தது. அதன் பின்விளைவாக அமெரிக்காவில் வந்த சட்டத்தால்தான் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் வசதி அங்கே கட்டாயமானது. குறைந்தால்தான் எரியும். என் கதையில் அதுவும் உதவியிருக்காது.

காற்றை இறக்கி முடித்ததும் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "முன்னாடி ரெண்டும் மாத்தீரு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வாழ்நாள் முழுவதும் டயரைக் கடைசிப் பட்டன் வரைக்கும் ஓட்டியவர். பழைய டயரை வெட்டிச் செருப்பு, கிணற்றுக்கு வாளி, எருமைக்குத் தண்ணி காட்டுகிற தொட்டி என்று எதையும் வீணாக்காத ஊர்க்காரர். ஐந்து வாரம் ஆன டயரைக் கழற்றச் சொல்கிறார்.

"காத்துதானுங்கப்பா பிரச்சனை? அதான் இறக்கியாச்சே."

"இருக்கட்டும். முன்னாடி மட்டும் வேற போட்டுரு கண்ணு. பின்னாடி எதுனாலும் ஓட்டிக்கலாம்."

1998ல் அப்பாவோடு கிளீனராக எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். பதினெட்டு வயது இருக்கும். எனக்கு ஒன்பது. லாரியின் பழைய டியூப் ஒன்றுக்குப் பஞ்சர் ஒட்டிக் காற்றடித்து, என்னைக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கிவிட்டவர் அவர்தான். நாக்பூர் லைன். முதலாளி அந்தத் தடவை முன்னாடி ரீபட்டன் டயர் போட்டு அனுப்பினார். லாரிக்காரர்களுக்கு அது எழுதாத சட்டம். ரீபட்டனைப் பின்னாடி எத்தனை வேண்டுமானாலும் போடு, ஜோடி டயர், ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். முன்னாடி போடாதே. அப்பா சொல்லிப் பார்த்தார். வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றார் முதலாளி. அப்பா வண்டியை எடுத்தார். மத்தியான வெயிலில் இடது முன் டயர் வெடித்தது. கிளீனர் உட்காரும் பக்கம். புளியமரம்.

அப்பாவுக்குத் தோள்பட்டையில் மட்டும் அடி. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் ஒரு சேலையும் கால் கிலோ இனிப்பும் வாங்கிக்கொண்டு தெற்குத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போவார். அந்த அம்மாவை எனக்குத் தூரத்துச் சொந்தம் என்று பத்தாவது படிக்கிற வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கதையையும் அப்பா சொன்னதில்லை, அம்மாதான் சொன்னாள். அப்பா இதுவரை என்னிடம் சொன்னது, "முன்னாடி மட்டும் வேற போட்டுரு கண்ணு" என்பதுதான்.

அடுத்த வாரம் அஞ்சு ரோட்டுக் கடைக்குப் போனேன். இரண்டு டயர் மட்டும் வேண்டும் என்றேன். "போட்டுத் தர்றேன் சார். ஆனா புதுசு பின்னாடிதான் போடணும்" என்றார் கடைக்காரர். எனக்கும் அது தெரியும். உலகத்தில் டயர் செய்கிற பெரிய கம்பெனிகள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன. காரில் முன்பிடி விட்டால் வண்டி நேராகப் போகும், பிரேக் பிடித்து ஓரளவு சமாளிக்கலாம். பின்பிடி விட்டால் வண்டி சுழலும், சாதாரண ஓட்டுநரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நல்ல டயர் பின்னால். லாரியில் ஆறு, பத்து சக்கரம், முன்னால் ஒற்றை டயர், வெடித்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும். ஆகவே நல்ல டயர் முன்னால். இரண்டும் சரி.

கடை வாசலில் நின்று யோசித்தேன். இதை அப்பாவுக்கு விளக்கலாம். அவர் கேட்டுக்கொள்வார், வாதாட மாட்டார். ஆனால் அதை எப்படிச் சொன்னாலும், அந்தப் பையன் உயிரைக் கொடுத்து அவர் கற்றுக்கொண்டது என் வண்டிக்குப் பொருந்தாது என்று சொல்வதாகத்தான் ஆகும். வாங்காமல் திரும்பினேன். வருகிற வழியில் வாட்டர் சர்வீஸ் கடையில் நிறுத்திக் கழுவி, நான்கு டயருக்கும் கறுப்புப் பாலிஷ் அடிக்கச் சொன்னேன்.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேனுங்கப்பா."

அப்பா குந்தி உட்கார்ந்து முன் டயரின் பள்ளத்தில் நகத்தை விட்டார். விரலில் பாலிஷ் ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அதே மழைக்காலத்தில் ஒருநாள் சர்வீஸ் ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து 60ல் பிரேக் அடித்துப் பார்த்தேன். 33 காற்றில் ஒழுங்காக நின்றது. சரிவில்லாத ரோடு, தொப்பூர் இல்லை, அதனால் நிரூபணம் ஒன்றுமில்லை. ஆனால் என் கேள்வி என்ன என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது அந்த வருஷம்தான். நான் அதிகம் ஓட்டுவது நெடுஞ்சாலை, நான்கு பேர், மழையில் வருஷத்துக்குச் சில நாள். அதற்கு இந்த டயர் போதும், கால் கொஞ்சம் இளகி மிதித்தால். யாராவது புது வண்டி எடுத்து என்னிடம் கேட்டால், கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படி, காற்றைப் பார், நான்கு இலக்கத்தைப் பார், ஒரு மழைக்காலம் ஓட்டு, அப்புறமும் பயமாக இருந்தால் மாற்று என்பேன். மலைப்பாதையிலேயே குடியிருக்கிறவர், தினம் ஐந்து பேரும் சுமையுமாகப் போகிறவர் முதல் நாளே மாற்றினால் நான் சிரிக்க மாட்டேன். கறுப்பு ரிம் அழகாக இருக்கிறது என்பதற்காக மாற்றினாலும் சிரிக்க மாட்டேன், அழகுக்கு என்று சொல்லிவிட்டால். பாதுகாப்புக்கு என்று சொன்னால்தான் அந்தக் காக்கிச் சட்டைக்காரர் ஞாபகம் வருகிறது.

நடுவில் கொரோனா வந்தது. பெங்களூர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரிலிருந்தே வேலை பார்த்தேன். வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. அப்பா வாரம் ஒருமுறை அதை இரண்டடி முன்னாலும் இரண்டடி பின்னாலும் நகர்த்தி வைப்பார், டயர் ஒரே இடத்தில் அழுந்தக் கூடாதென்று. மறுபடி போக்குவரத்து தொடங்கியபின் நான் தொப்பூர் தாண்டும் நேரத்தைக் கணக்குப் பண்ணிப் போன் செய்வார். "முன் டயர்ல காத்து பாத்தியா?" என்பார். பின் டயரைப் பற்றிக் கேட்டதில்லை.

2024ல், 38 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின், நான்கையும் மாற்றினேன். பள்ளத்துக்குள் இருக்கும் குறுக்குத் திட்டு 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அந்தத் திட்டோடு சமமானால் டயர் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது, ஆனால் வயது ஐந்தைத் தாண்டிவிட்டது. நான்கையும் சேர்த்து மாற்றியதால் முன்னாலா பின்னாலா என்ற கேள்வி வரவில்லை. பழைய ரிம், பழைய அளவு. மச்சானுக்குச் சொன்னபோது, "மறுபடி சைக்கிள் டயரா மாப்ள?" என்றார்.

அப்பாவும் கூட வந்திருந்தார். கழற்றிய டயர்களைக் கடைப்பையன் சுவரோரம் சாய்த்து வைத்தான். அப்பா ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். முன் டயர் ஒன்றின் பக்கவாட்டில் புழுதியைக் கட்டைவிரலால் துடைத்து, கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு, அந்த நான்கு இலக்கத்தைப் படித்தார்.

"வண்டியோட வந்த டயரு, அஞ்சு வருசம் நல்லாத்தான் ஓடியிருக்குது" என்றார்.

நான் கடைக்காரரிடம் பில்லைப் பற்றி ஏதோ கேட்டேன்.

புது டயர் நான்கிலும் கேஜை வைத்துப் பார்த்தார். 33, 33, 33, 33. பிறகு டிக்கியைத் திறக்கச் சொன்னார். "ஸ்டெப்னி பாத்தியா?"

யாரும் பார்க்கவில்லை. ஐந்து வருஷமாக யாரும் பார்க்கவில்லை. குடை, பாப்பாவின் பழைய செருப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்து, தட்டியைத் தூக்கினோம். கேஜில் 14. டயர் ரோட்டையே பார்த்திருக்கவில்லை. ரப்பர் முடிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. 1119.

"இது புதுசுதானே சார், முன்னாடி ஒண்ணுக்கு இதையே போட்டிருந்தா ஒரு டயர் காசு மிச்சம்" என்றான் கடைப்பையன்.

"முன்னாடி வேண்டாம் சாமி" என்றார் அப்பா. "காத்து மட்டும் புடிச்சு உள்ள வெய்யி."